விரல் எண்ணியவர்கள்

போன மாதம் கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வரும்போது, என் வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தமான ஒரு அம்மா என் மகளை மறித்து நிறுத்தினார். "இதுதான அந்த ஜப்பான் புள்ள?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்தார். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகப் பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும். அந்த அம்மாவின் கட்டைவிரல் என் மகளின் விரல்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரலுக்கு வந்ததும், "நல்லாத்தான் இருக்கா," என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். "அந்தக் கையையும் எண்ணிப் பாத்துருங்க. ஒண்ணு ரெண்டு கூட இருந்தாலும் இருக்கும்," என்றேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டு ஐஸ்கிரீம் கொடுக்கிற பக்கம் போய்விட்டார். என் மகளுக்குப் பதினாலு வயது முடிந்துவிட்டது. கையில் பத்து, காலில் பத்து, குறையொன்றும் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம், அது என்னிடமிருந்து வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஊரில் அவள் கையை யாராவது இப்படிப் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். அதை அப்புறம் சொல்கிறேன். அவள் ஏன் கேட்டாள் என்று புரிய, முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஜப்பானில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே கார் உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பூகம்பம் வந்து, கடல் ஊருக்குள் ஏறி, வடக்கே அணு உலை வெடித்த அந்த மார்ச் மாதம் நான் மூன்று மாதக் கர்ப்பம். எங்கள் ஊருக்கும் அந்த அணு உலைக்கும் நடுவே இருந்த தூரம், புதுக்கோட்டைக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: கூடத்து விளக்கு ரொம்ப நேரம் ஆடியது. நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பிறந்த வீடு கடல் ஏறிய அந்தப் பக்கம். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று அவளுக்கு ஐந்தாறு நாளாகத் தெரியவில்லை. கடைகளில் தண்ணீர் பாட்டில் கிடைக்காமல் போன அந்த வாரத்தில், அவள் எங்கேயோ வரிசையில் நின்று வாங்கிய இரண்டு பாட்டில்களை என் வாசலில் வைத்துவிட்டு, என் வயிற்றைக் காட்டிக் கும்பிடுவது போலத் தலையைக் குனிந்துவிட்டுப் போனாள். இதை நான் இங்கே வந்து சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. "அந்தத் தண்ணியையா குடிச்ச?" என்று மட்டும் கேட்டார்கள்.

இங்கே டிவிக்காரர்களுக்கு ஒரே ஒரு படம் கிடைத்திருந்தது. உலைக் கட்டடத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற படம். அதையே காலையிலும் போட்டார்கள், சாயங்காலமும் போட்டார்கள், நடுவில் சீரியல் ஓடும்போது கீழே எழுத்தாகவும் ஓட்டினார்கள். இருபதாயிரம் பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவர்களைப் பற்றிக் கேட்க எங்கள் சொந்தத்தில் ஒரு ஃபோன்கூட வரவில்லை. "இன்னும் அங்கிட்டு என்ன பண்றீங்க, கெளம்பி வாங்க," என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டார். நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவர் பயப்பட எதுவும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டார், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் மாமனார் மாமியார் சீக்கிரமே போய்விட்டதால், தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். அதை அவரும் மறக்கமாட்டார், என் வீட்டுக்காரரையும் மறக்க விடமாட்டார். அரசாங்கக் கட்டடங்களுக்கு ஒயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். எங்கும் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசிப் பழக்கப்பட்ட மனுஷர்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து கார் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே அவருடைய முந்திரிக் கொல்லையில் நின்றது. போர் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு இரண்டு அண்டா தயாராக இருந்தது. உடம்பில் கதிர்வீச்சு ஒட்டியிருக்குமாம், குளித்துவிட்டு அவர்கள் கொண்டுவந்திருந்த துணியை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டுமாம். மாமாவின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் நாலடி தள்ளி நின்று, "தல நல்லா நனையட்டும்மா," என்றார். நான் மூன்று விமானம் மாறி, வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதோடு போகும் என்று நினைத்தோம்.

பெட்டிகள் கொல்லை மோட்டார் அறையிலேயே தங்கிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியை எங்கள் பக்கம் மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்துதான் திறப்பார்கள். எங்கள் பெட்டியை மாமா மட்டும் தனியாக, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு திறந்தார். சாக்லேட், சோப்பு, தைலம், அக்காவுக்கு நான் தேடித்தேடி வாங்கிய கைப்பை, என் வயிற்றுப் பிள்ளைக்கென்று நான் வாங்கியிருந்த சின்ன சாக்ஸ், எல்லாவற்றையும் முந்திரி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். நான் கையில் கொண்டுவந்த கேமராவையும், பெட்டியில் இருந்த கைக்கடிகாரத்தையும் மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். கேட்டதற்கு, "மெஷின்ல எல்லாம் அது ஒட்டாதும்மா," என்றார். அவர் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் அல்லவா, அதனால் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா, வாந்தி பச்சை நிறமாக வருகிறதா என்று கேட்டார். இன்னொருவர் இருட்டில் என் உடம்பு மின்னுகிறதா என்று அக்காவைத் தனியாகக் கேட்டாராம். இதே ஆட்களை எனக்கு முன்னாலேயே தெரியும். என் பிறந்த வீடு மணமேல்குடிப் பக்கம், அப்பா மீமிசலில் மீன் ஏலம் எடுத்து இந்தப் பக்கச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர். எங்கள் கரைக்குக் கடல் வந்த அந்த வருஷம், பிணம் தின்ற மீன் என்று சொல்லி மாசக்கணக்கில் எங்கள் மீனை இந்த ஊரில் யாரும் தொடவில்லை. அப்போது மீனுக்குச் செய்ததை இப்போது எனக்குச் செய்தார்கள்.

மாமா தன் இரண்டு பிள்ளைகளையும் அக்காவின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூடத்தில் நான் ஒரு கோடியில் உட்கார்ந்தால் அவர் மறுகோடிக்குப் போவார். அங்கே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் என்ன பேசுவார் தெரியுமா? அது மின்வெட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்த காலம். தெற்கே கடலோரத்தில் கட்டிக்கொண்டிருந்த அணு உலை வேண்டாம் என்று அங்கத்திய சனங்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். "அவனுக கெடக்கானுக. நம்ம உலைக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துலயே வீடு கட்டிக் குடியிருக்கலாம், அம்புட்டு சேஃப்," என்பார். உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம், தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்காமல் விட்டதற்கு இன்று வரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வந்து மூன்றாம் வாரம், புதுக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். மாமாதான் ஏற்பாடு செய்திருந்தார். பஸ்ஸில் போகும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார்.

அந்த டாக்டரம்மா நடுத்தர வயது. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலாவது மாசம் நடக்குது. எதுக்கும்மா வேணாம்கிறீங்க?" என்றார்.

"எது வேணாம்?" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரரோ மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்கேன் என்று சொல்லி என்னை எங்கே கூட்டி வந்திருக்கிறார்கள் என்பதும், பஸ்ஸில் வெள்ளரிப் பிஞ்சு எதற்கு என்பதும்.

"யாரு வேணாம்னது?" என்று நான் கத்தியது வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். "அண்ணன் சொன்னாரு… இந்தத் தடவ வேணாம், வயசு இருக்கு, அடுத்தாப்ல பாத்துக்கலாம்னு…" என்று அவர் இழுத்தார். டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லி, எந்த ஊரில் இருந்தோம், எவ்வளவு தூரம், அங்கே யாராவது எங்களை வெளியேறச் சொன்னார்களா, மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எனக்கு இதுல பெரிய படிப்பு கெடையாது," என்று சொல்லிவிட்டு, சென்னையில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு என் முன்னாலேயே ஃபோன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இந்தப் புள்ளையக் கலைக்க ஒரு காரணமும் இல்ல. டிவியப் பாத்துட்டு வந்தீங்கன்னா அத ஆஃப் பண்ணுங்க."

திரும்பி வரும்போது நான் பெண்கள் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டேன். மணமேல்குடிக்கே போய்விடலாம் என்றுதான் மனசு சொன்னது. போனால் ஊருக்கே பயந்து ஓடியவளாக ஆகிவிடுவேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளையைப் பெற நான் யாருக்கும் பயந்து ஓட வேண்டியதில்லை என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு நான் கொடுத்த விலை உப்பு.

ஜப்பானில் கதிர்வீச்சுக்கு அயோடின் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று டிவியில் ஓடியிருக்கிறது. அதுவரை கல்லுப்பு மட்டுமே புழங்கிய வீட்டில் அயோடின் உப்பு பாக்கெட் பாக்கெட்டாக வந்து இறங்கியது. அக்கா என் குழம்பில் தனியாக ஒரு கை உப்பு கூடப் போட்டார், மோரில் போட்டார், இளநீரில்கூடப் போட்டார். கரிக்கிறது என்றால், "கதிரு எறங்கணும்மா, கண்ண மூடிக்கிட்டு குடி," என்பார். ஆறாம் மாசம் என் கால் இரண்டும் வீங்கிவிட்டன, முகம் உப்பிவிட்டது, பார்க்க எனக்கே பயமாக இருந்தது. "பாத்தீங்களா, ஏறிருச்சு," என்றார் மாமா. சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை, தான் சொன்னது சரியாகிவிட்டது என்கிற திருப்தி இருந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "கதிர் ஒண்ணும் பண்ணல. இவங்க போடுற உப்புதான் ஒன்னையும் கொல்லும், புள்ளையையும் கொல்லும்," என்றார். நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு குடும்பம் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கும். அன்றிலிருந்து என் சோற்றை நானே பொங்கிக்கொண்டேன். வீக்கம் மெல்ல வடிந்தது.

ஏழாம் மாசம் வளைகாப்பு. அதை நிறுத்த மாமாவுக்குத் தைரியம் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் கதிர் பயத்தைவிடப் பெரிது. மணமேல்குடியிலிருந்து அம்மா ஏழு வகைச் சோறும் வேனுமாக வந்து இறங்கினார். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. கூடம் நிறையப் பெண்கள். மனையில் உட்கார்ந்தேன். வழக்கம் எல்லோருக்கும் தெரியும். முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்த காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல். ஒவ்வொரு பெண்ணும் கன்னத்தில் சந்தனம் பூசி, கையைப் பிடித்து வளையலை ஏற்றிவிட வேண்டும்.

அக்கா முதலில் வந்தார். சந்தனக் கிண்ணத்தில் ஒரு வெற்றிலை நுனியை முக்கி, அதை நீட்டி என் கன்னத்தில் தொட்டார். விரல் படவில்லை. வேப்பங்காப்பை என் முன்னால் இருந்த தாம்பாளத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார். அதே வெற்றிலை, வளையல் தாம்பாளத்தில். மூன்றாவது ஆள், நாலாவது ஆள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தாம்பாளத்தில் வளையல் குவிந்துகொண்டே போனது. என் இரண்டு கையும் மடியில் வெறுமையாகக் கிடந்தன. உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. எதிரே நின்று மாமா எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்து என்னிடம் வந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். வேப்பங்காப்பை எடுத்து நானே என் வலது கையில் மாட்டினேன். அப்புறம் கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, நாலு நாலாக. தன் வளையலைத் தானே போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் ஆகாத காரியம். யாரோ "ஐயோ" என்றார்கள். எனக்கு விரல் முட்டி பெரிது, யாராவது அழுத்திப் பிடித்துவிட்டால்தான் வளையல் ஏறும். ஒன்று உடைந்து கீறி ரத்தம் வந்தது. துடைக்கவில்லை. முழங்கை வரை போட்டுக்கொண்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். "மாமா, கேமரா நல்லா வேல செய்யுதா?" என்று கேட்டேன். அவர் கேமராவுக்குப் பின்னால் இருந்து, "ம்," என்றார்.

"அதுவும் என் கூடத்தான் வந்துச்சு. ஒடஞ்சுரும்னு பெட்டியில வக்காம என் மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். இந்தப் புள்ளையும் அதுவும் ஒட்டிக்கிட்டேதான் வந்துச்சுக. நீங்க அத கண்ணுல ஒத்திக்கிட்டு நிக்கிறீங்க."

மாமா கேமராவை மெல்லக் கீழே இறக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அந்தப் படம் இன்னும் எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. நானே எனக்கு வளையல் போட்டுக்கொள்கிற படம். என் மகள் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆள் யாரும் கிடைக்கவில்லையா என்று கிண்டல் செய்வாள், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

கல்யாணத்திலிருந்து திரும்பும்போது காரில் அவள் கிண்டல் செய்யவில்லை. "எல்லாரும் ஏம்மா என் விரல எண்ணுறாங்க? அந்த ஃபோட்டோவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று நேராகக் கேட்டாள். பதினாலு வயதுக்கு அதற்குமேல் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரி மரத்தடியில் புதைத்த சாக்ஸ், உப்பு, வெற்றிலை நுனி, வளையல். டாக்டரம்மா வரைக்கும் சொன்னேன். அங்கே மட்டும், பெரியப்பா ஏற்பாடு செய்தார், நான் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சுருக்கி முடித்துவிட்டேன்.

அவள் விடவில்லை. "அப்பா என்ன சொன்னாரு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். "நானுந்தாம்மா வேணாம்னேன்," என்றார். பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அது வந்தது அன்றைக்குத்தான். "அண்ணனுக்குப் பயந்துன்னு உங்கம்மா நெனச்சுக்கிட்டிருக்கா. அண்ணன் மட்டும் இல்ல. எனக்கே பயமா இருந்துச்சு. பொறந்த அன்னிக்கு ஒன் விரல ரெண்டு தடவ எண்ணுனேன்."

பின்சீட்டில் அவள் அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. தன் கை இரண்டையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எண்ணலதான?" என்றாள்.

ஊருக்கே பதில் சொன்ன வாய் எனக்கு. அவளிடம் பொய் சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. அவள் பிறந்த அன்று அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். முகம் மூடியிருந்த துணியை நான் விலக்கவில்லை. கீழ்ப்பக்கமாகக் கையை விட்டு அவள் கையை வெளியே எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் அந்தக் கை. அப்புறம் கால். எல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

"எண்ணுனேன்," என்றேன்.

புதைத்ததையும், உப்பையும், வெற்றிலையையும்கூட ஒரு நாள் விட்டுவிடுவேன். பெற்ற பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவள் விரலைப் பார்க்கும்படி என்னை ஆக்கி வைத்தார்களே, அதற்கு மட்டும் இந்த ஊருக்கு மன்னிப்பு கிடையாது.